கட்டாத கட்டடத்தில் ஓடும் விசிறி

"பொடிசு, தங்கம் நமக்குத்தான்!"

போன வாரம் அண்ணன் மாடிப்படிக்குக் கீழே நின்று போட்ட சத்தம் அது. நகைச்சீட்டு ஏதோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று இப்போதுதான் கதைக்குள் வருகிறவர்கள் நினைத்தால் அது அவர்கள் குற்றம் இல்லை. இது கழுத்தில் போடுகிற தங்கம் அல்ல. பசுமைக் கட்டடம் என்று கொடுக்கிறார்களே ஒரு சான்றிதழ், அதில் தங்கம் என்பது ஒரு தரம்.

அண்ணன் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கட்டித் தருகிறவர். வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்கொரு அறையில் தங்குவதற்காக அவர் எழுப்பிவரும் ஆறு மாடி விடுதி முடிகிற தறுவாயில் இருக்கிறது. அதற்குத் தங்கத் தரம் கிடைத்தால் பக்கத்து மனையில் வரப்போகும் இரண்டாவது கட்டடமும் அவருக்கே என்று முதலாளியம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்று இரவு சாப்பாட்டுக்கும் வருகிறார்.

பொடிசு யார் என்று கேட்டால், அண்ணனின் ஒரே தங்கை. நாற்பதைத் தொடப்போகிறாள், அண்ணனைவிட அரை அங்குலம் உயரம். ஆனாலும் பொடிசுதான். சில பெயர்கள் ஆளோடு சேர்ந்து வளர்வதில்லை.

கணவனோடு வாழ்ந்த வாழ்க்கையை இரண்டு பெட்டிகளில் அடக்கிக்கொண்டு அவள் வந்து நின்றபோது அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய் மாடி அறையில் வைத்தார். அந்த அறைக்கு வெளியிலிருந்தே ஒரு தனிப் படிக்கட்டு உண்டு. மறுநாளே தன் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசையும் போட்டுக் கொடுத்தார்.

இவ்வளவு செய்த அண்ணன் வீட்டில் அவள் எப்படி இருந்தாள் தெரியுமா? விருந்துக்கு வந்தவளைப் போல. காலையில் அண்ணனும் அண்ணியும் எழுந்திருக்கும் முன்பே வெளிப்படி வழியாக இறங்கிவிடுவாள். குடித்த கோப்பையை யாரும் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். தன் சோப்பைக்கூடக் குளியலறையில் விட்டுவைப்பதில்லை, கையோடு அறைக்குக் கொண்டுபோய்விடுவாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். கீழேயிருந்து "பொடிசு, சாப்பாடு!" என்று அண்ணன் குரல் வர வேண்டும். வந்தால்தான் இறங்குவாள். நல்லவேளை, இதுவரை ஒரு நாளும் அந்தக் குரல் தவறியதில்லை. நாள் முழுவதும் அவள் காத்திருந்தது அந்த ஒரு குரலுக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

அலுவலகத்தில் அவளைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் விடுதியின் கணக்கைச் சான்றிதழ் தருகிறவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். கடைசியாக ஒரு தடவை புரட்டிப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அவள் செய்வது விசித்திரமான வேலை. ஒரு கட்டடம் வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. இது சிக்கனமா, ஊதாரித்தனமா என்றும் சொல்ல வேண்டும். எதோடு ஒப்பிட்டு? அதற்காக அதே உயரத்தில், அதே பரப்பில் இன்னொரு கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுப்புவார்கள். அதற்கு 'பேஸ்லைன்' என்று பெயர். அலுவலகத்தில் செல்லமாக 'இரட்டை' என்பார்கள். யாரும் கட்டப்போவதில்லை, யாரும் குடியேறப்போவதில்லை. நிஜக் கட்டடம் அதைவிட எத்தனை சதவீதம் குறைவாக மின்சாரம் குடிக்கிறது என்பதுதான் மதிப்பெண்.

அந்த இரட்டைக்கு எந்த மாதிரிக் குளிரூட்டும், சூடேற்றும் ஏற்பாடு கொடுப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. விட்டால் ஆளாளுக்கு ஒரு சோம்பேறி இரட்டையைக் கட்டிவைத்துத் தன் கட்டடம்தான் கெட்டிக்காரக் கட்டடம் என்பார்கள். அதனால் விதிப்புத்தகம் சில கேள்விகள் கேட்கும். இங்கே ஆட்கள் வேலை பார்க்கிறார்களா, வாழ்கிறார்களா? எத்தனை மாடி? எவ்வளவு பரப்பு? பதிலைச் சொன்னால் இரட்டைக்கு உரிய இயந்திரத்தை அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

பொடிசு திரையில் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டையின் மொட்டைமாடியில் இருக்கும் ராட்சத விசிறி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று காட்டும் கோடு அது. பகலில் ஏறி, இரவில் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவே இல்லை. விடியவிடிய ஓடிக்கொண்டிருந்தது.

விடுதி தூங்குகிற நேரத்தில் இவ்வளவு பெரிய விசிறிக்கு என்ன வேலை என்று யோசித்தாள். இந்த மனையின் பழைய கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த மனையில் முதலில் வருவதாக இருந்தது விடுதி அல்ல, அலுவலகக் கட்டடம். அஸ்திவாரம் முடிந்த பிறகுதான் முதலாளியம்மா மனம் மாறினார். அப்போது பொடிசு என்ன செய்தாள்? இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான். பழைய கணக்கை நகலெடுத்து அதன்மேலேயே திருத்தினாள். சுவர்களை மாற்றினாள், அறைகளைப் பிரித்தாள், அலுவலக நேரத்தை எடுத்துவிட்டுப் பெண்கள் வந்து போகும் நேரத்தைப் போட்டாள். விதிப்புத்தகத்தின் முதல் கேள்விக்கான பதிலை மாற்ற மட்டும் மறந்துபோனாள். அங்கே இன்னமும் 'வேலை பார்க்கிறார்கள்' என்றே இருந்தது.

ஆகவே கட்டாத அந்தக் கட்டடத்தில் இப்போதும் அலுவலகத்துக்கான இயந்திரமே ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சேர்த்துக் காற்றைக் குளிரவைத்து, குளிருகிறது என்கிறவர்களுக்கு அதையே மறுபடி சூடாக்கி அனுப்புகிற இயந்திரம். பகலில் நூறு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஓர் அறையில் ஒருத்தி மட்டும் படுத்திருக்கும் இரவுக்கு? அவள் ஒருத்திக்காக மொட்டைமாடியில் அந்தப் பூதம் இரவெல்லாம் சுற்ற வேண்டும். மின்சாரம் கொட்டத்தான் கொட்டும். அதோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டடமும் சிக்கனமாகத்தான் தெரியும். தங்கம் வந்த வழி இதுதான்.

'வாழ்கிறார்கள்' என்று பதிலை மாற்றினாள். விதிப்புத்தகம் உடனே வேறு இயந்திரத்தைக் காட்டியது. அறைக்கு ஒன்றாகச் சுவரில் பதிக்கிற சின்னப் பெட்டி. அந்தந்த அறைக்குத் தேவைப்பட்டபோது ஓடும், போதுமானபோது நிற்கும்.

கணக்கை மறுபடி ஓட்டினாள். முப்பத்துநான்கு சதவீதம் என்றிருந்த சேமிப்பு பதினொன்றாகி நின்றது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அலுவலகத்தில் காலி நாற்காலிகள்தான் இருந்தன. கணவனோடு இருந்த நாட்களில் தன் தவறுகளைச் சொல்ல ஓர் ஆள் இருந்தான், சொன்னால் அதை வாரம் முழுவதும் திருப்பிச் சொல்லவும் செய்வான். அந்த ஆள்கூட இப்போது இல்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

அண்ணன் விசிலடித்துக்கொண்டே வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி.

"என்ன பொடிசு, அனுப்பிட்டியா?"

"இல்லண்ணா. கொஞ்சம் உக்காரு."

"உக்கார்ற மாதிரி விஷயமா? அப்ப நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"இரட்டைல தப்பு இருக்கு."

"எவ்வளவு தப்பு?"

"அடியோட தப்பு. அது இன்னும் ஆபீசாவே இருக்கு. நான் மாத்த மறந்துட்டேன்."

அண்ணன் கேக் பெட்டியை மேசைமேல் வைத்தார். அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை, புரிந்துவிட்டது. உட்கார்ந்தார்.

"முப்பத்தி நாலு என்ன ஆகும்?"

"பதினொண்ணு."

"பதினொண்ணுக்கு என்ன குடுப்பாங்க?"

"சான்றிதழ் கிடைக்கும். தரம் ஒண்ணும் இருக்காது."

"வந்து போனதுக்கு நன்றின்னு ஒரு காகிதம். அப்படித்தானே?"

அண்ணன் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"கீழ் மாடில ஆபீஸ் ரூம் இருக்குல்ல? வரவேற்பு இருக்கு, கணக்குப் பாக்கற அம்மா உக்கார்ற இடம் இருக்கு. ஆபீஸ்னு சொன்னா அது பொய்யா?"

"மேல அஞ்சு மாடியும் தூங்கற இடம்ணா."

"தூங்கறதாலயே அது வீடாயிடுமா? நம்ம ஆபீஸ்லயும்தான் ரெண்டு பேர் தூங்கறாங்க."

அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த வரைபடக்காரர்கள் இருவரும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் பொடிசு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"அனுப்பினா அவங்க கண்டுபிடிப்பாங்களா?" என்று அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம்."

"அப்புறம் என்ன?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே அண்ணா."

அண்ணன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இந்த ஆபீசை நம்பி எத்தனை குடும்பம் இருக்குன்னு தெரியுமா? ரெண்டாவது பில்டிங் வரலன்னா இவங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது? உனக்கென்ன, நீ தனி ஆள்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சுட்டுவிட்டது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி எடுத்து உள்ளே போட்டுக்கொள்ள முடியுமா?

பொடிசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இந்த வார்த்தையை வெளியில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வீடு வாடகைக்குப் பார்த்தபோது சொன்னார்கள், வங்கியில் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்கள். அண்ணன் வாயிலிருந்து வரும் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

"கையெழுத்து என்னோடது, ஆபீஸ் உன்னோடது," என்றாள் நிதானமாக. "எதை அனுப்பட்டும்னு நீயே சொல்லு."

"உன் இஷ்டம்."

நம் வீடுகளில் உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உன் இஷ்டம் இல்லை என்று அர்த்தம். அண்ணன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கிளம்பிவிட்டார். கேக் பெட்டி மேசையிலேயே கிடந்தது.

மதியம் பொடிசு தெருமுனை மருந்துக்கடைக்கு நடந்தாள். கல்லாவுக்குப் பின்னால் இருப்பது அண்ணிதான், அவருடைய கடைதான் அது.

"தலைவலிக்கு ஏதாவது குடுங்க அண்ணி."

"சாப்பிட்டியா?"

"ம்."

"சாப்பிடலன்னு சொன்னா மாத்திரை தரமாட்டேன்னு பொய் சொல்றே." அண்ணி தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் எடுத்து வைத்தார். "உங்க அண்ணன் போன் பண்ணினார். பேசல. மூச்சு மட்டும் விட்டார். என்னமோ நடந்திருக்குன்னு அப்பவே நினைச்சேன்."

பொடிசு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். 'தனி ஆள்' என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

இடையில் இருமல் மருந்துக்கு ஒருவர், கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு ஒருவர் வந்து போனார்கள். அண்ணி அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி?"

"என்கிட்ட காய்ச்சல், சளி, வயித்துவலி இதெல்லாம் கேளு. கட்டடத்தை எல்லாம் கேக்காதே." அண்ணி டப்பாவை மூடினார். "அந்தம்மா வர்றாங்கன்னு நம்ம பொண்ணோட நாற்காலியைத் துடைச்சு வச்சேன். அவ வெளியூருக்குப் படிக்கப் போனதிலேருந்து அதுமேல துணிதான் மடிச்சு வச்சிருந்தேன். துடைக்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

கூட்டம் இல்லாத மருந்துக்கடை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பொடிசுக்கு அன்றுதான் தெரிந்தது. இந்த அண்ணியும் நாள் முழுவதும் இதற்குள்ளேதானே நிற்கிறார் என்று நினைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்," என்றார் அண்ணி. "தினமும் கூப்பிட்டாத்தான் இறங்கி வர்றே. நீயா ஒரு நாள் வந்து தட்டைப் போட்டுக்கிட்டா என்ன? உன் வீடு இல்லையா?"

"வரேன் அண்ணி," என்றாள் பொடிசு. வருவேன் என்று சொல்வதும் வருவதும் ஒன்றல்ல என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

அண்ணன் என்ன ஆனார் என்று பார்ப்போம்.

விடுதியின் நான்காம் மாடியில் ஓர் அறையை மட்டும் முழுவதுமாக முடித்து வைத்திருந்தார்கள். பெயிண்ட் அடித்து, கட்டில் போட்டு, திரைகூடத் தொங்கவிட்டாகிவிட்டது. மாதிரி அறை. மற்ற அறைகளை எல்லாம் இதைப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும். அண்ணனுடைய வேலையிடங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி அறையின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆணி எங்கே அடிப்பது என்பதிலிருந்து கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பது வரை அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். இத்தனை வருஷங்களில் அந்தச் சாவியை அண்ணன் யாரிடமும் கொடுத்ததில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கோபம் அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்பதில்தான் குழப்பம்.

ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேசை, ஒரு நாற்காலி. சுவரில் ஒரு ஏசி. இந்த அறையின் நீள அகலத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒருத்தி தங்க எவ்வளவு இடம் போதும் என்று முதலாளியம்மா கேட்ட அன்று, வீட்டுக்கு வந்து தங்கை இல்லாத நேரத்தில் மாடி அறையை டேப் பிடித்து அளந்தார். இதில் ஒருத்தி நன்றாகத்தானே இருக்கிறாள், இது போதும் என்று அப்படியே வரைந்துவிட்டார்.

நன்றாகத்தான் இருக்கிறாளா?

முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது. ஒற்றை நாற்காலியைப் பார்த்தார். இங்கே குடிவரப்போகிறவளைப் பார்க்க ஒரு தோழி வந்தால் எங்கே உட்காருவாள்? ஒரு அண்ணன் வந்தால்? தங்கையின் அறையிலும் ஒரு நாற்காலிதான் என்பது நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு வருஷத்தில் தான் ஒரு தடவையாவது மேலே போய் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா என்று யோசித்தார். கீழே நின்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நல்ல சத்தமாக.

'தனி ஆள்' என்றோமே. ஆறு மாடியையும் தனி ஆட்களுக்காகவே கட்டிவிட்டு, அவர்கள் இங்கே வாழவில்லை, வேலை பார்க்கிறார்கள் என்று எழுது என்றோமே.

அண்ணன் போனை எடுத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டார்.

"மேடம், கணக்குல ஒரு தப்பு ஆயிடுச்சு. தங்கம் வராது."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல மேடம், என் தங்கச்சி மேல தப்பில்ல. ஆபீஸ் என்னோடது, தப்பும் என்னோடதுதான். அவதான் கண்டுபிடிச்சா."

மறுபடி ஏதோ சொன்னார்கள். நீளமாக.

"சரிங்க மேடம். ரெண்டாவது பில்டிங் பத்தி அப்புறமே பேசலாம். இல்ல இல்ல, சாப்பாடு இன்னொரு நாள் வச்சுக்கலாம், பரவாயில்ல."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

"சார், அடுத்த ரூம் ஆரம்பிக்கலாமா?"

"இரு. இந்த ரூமுக்கு இன்னொரு நாற்காலி போடு."

"ஒரு ஆளுக்குத்தானே சார் ரூமு?"

"ஒரு ஆளுக்குத்தான். நாற்காலி ரெண்டு போடு. மத்ததெல்லாம் இனிமே வேற ஒருத்தர் வந்து பாத்துச் சொல்லுவாங்க." சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை, எல்லோரும் கிளம்பிவிட்ட அலுவலகத்தில் பொடிசு கடைசியாக ஒரு தடவை கணக்கை ஓட்டினாள். இரட்டையின் மொட்டைமாடியில் இப்போது விசிறி இல்லை. அந்த இல்லாத கட்டடத்தின் இல்லாத பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் அறைப் பெட்டியைத் தானே போட்டு, தானே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விழித்திருந்தால் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொன்று என்ற எண்ணுக்குக் கீழே தன் பெயரை டைப் அடித்து அனுப்பினாள். ஆனது ஆகட்டும் என்று தைரியமாக அனுப்பியதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பயந்துகொண்டுதான் அனுப்பினாள். போகப்போவது சான்றிதழ் அல்ல, அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தனக்கென்று இருக்கும் ஒரே ஓர் இடம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த ஓர் இடத்தைத் தவிர அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிடுவதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். விட்டுவிட்டுப் போனாள்.

வழக்கம்போல வெளிப்படி வழியாக ஏறி அறைக்கதவைத் திறந்தபோது மேசைமேல் ஏதோ கிடந்தது. விளக்கைப் போட்டாள்.

ஒரு சாவி. அதில் கட்டியிருந்த அட்டையில் 'மாதிரி அறை' என்றிருந்தது.

பொடிசு அதைக் கையில் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். வேலை நடக்கும் இடங்களுக்கு அவள் போவதே இல்லை, கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். அங்கே நடக்கும் வழக்கங்கள் அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் அவளுக்கு ஒரு விடுதி அறையின் சாவியைக் கொடுத்திருக்கிறார் என்பதுதான். தனியாக இருக்கும் பெண்களுக்கு என்று கட்டிய விடுதி.

இருக்காது என்று நினைத்தாள். அண்ணன் அப்படிச் செய்கிறவர் இல்லை. கீழேயிருந்து குரல் வரட்டும், வந்தால் எல்லாம் சரியாகிவிடும். கட்டிலின் நுனியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

கீழே சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. நான்காவதை அண்ணி எடுத்து உள்ளே வைத்துவிட்டார். துடைத்து வைத்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

"விளக்கு எரியுது, வந்துட்டா," என்றார் அண்ணி. "கூப்பிடுங்க."

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த வாயால கூப்பிடறது?"

"தினம் கத்தற வாய்தானே?"

"அந்த வாயாலதான் இன்னிக்கு அவளைத் தனி ஆள்னு சொன்னேன்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். மருந்துக்கடையில் பொடிசு சொல்லாமல் விட்டது எது என்று இப்போது புரிந்தது.

"அவளே வரட்டும்," என்றார் அண்ணன். "மன்னிப்பெல்லாம் கேக்க எனக்கு வராது, உனக்கே தெரியும். சாவியை வச்சுட்டு வந்திருக்கேன். இனிமே அங்க அவ சொல்றதுதான். அந்தம்மாகிட்டயும் பேசிட்டேன். அங்க இப்ப ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

"இதெல்லாம் அவகிட்ட சொன்னீங்களா?"

"சாவியைப் பாத்தா புரிஞ்சுக்குவா."

"எப்படிங்க புரியும்?"

அண்ணன் நிமிர்ந்தார்.

"வேலையிடத்துப் பக்கம் அவ வந்ததே இல்லையே," என்றார் அண்ணி. "மாதிரி ரூம் சாவின்னா என்னன்னு உங்க மேஸ்திரிக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? காலைல தனி ஆள்னு சொல்லியிருக்கீங்க. சாயங்காலம் விடுதி ரூம் சாவியைக் கொண்டுபோய் வச்சிருக்கீங்க. அவ என்னன்னு நினைப்பா?"

எத்தனையோ கட்டடங்களின் வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொன்ன மனிதருக்கு இது தெரியாமல் போய்விட்டது.

மேலே பொடிசு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமான நேரம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. கீழே பேச்சுச் சத்தம்கூட மெல்லியதாகத்தான் கேட்டது, அதுவும் இப்போது நின்றுவிட்டது. தட்டுச் சத்தம் இல்லை. சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். நீயா ஒரு நாள் வந்தா என்ன என்று அண்ணி கேட்டது நினைவுக்கு வந்தது. கதவு வரை போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"கூப்பிடுங்க," என்றார் அண்ணி கீழே. "இப்பவே எழுந்து போய்க் கூப்பிடுங்க."

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அப்போது அவர்கள் தலைக்கு மேலே, கனமான ஏதோ ஒன்று அலமாரி உச்சியிலிருந்து தரைக்கு இறங்கும் சத்தம் கேட்டது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து, அவள் கொண்டுவந்த இரண்டாவது பெட்டியும் இறங்கியது.